உடற்பயிற்சிக் கூடமும் விளம்பரக் கலையும்

கடைத்தெருவில் விற்கும் பொருள்களை இரு வகையாகப் பிரிக்கலாம். ஒரு வகைப் பொருளுக்கு விலையைக் கொடுத்தவுடன் அதன் பயன் நம் கைக்கு வந்துவிடுகிறது. குடையை வாங்கினால் மழைக்கு உதவுகிறது. பேனாவை வாங்கினால் எழுதுகிறது. மற்றொரு வகைப் பொருளுக்கோ, விலையைக் கொடுப்பது முதற்படியே ஆகும். நூல் நிலையத்திற்குச் சந்தா கட்டியவன் அதனாலேயே புலவனாகிவிடுவதில்லை. வீணை வாங்கியவன் அன்றே வித்துவான் ஆகிவிடுவதில்லை. கொடுத்த பணத்தோடு தன் உழைப்பையும் நாள்தோறும் சேர்த்துக் கொடுத்தால்தான் அவன் வாங்கியது அவனுடையதாகும். உடற்பயிற்சி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதனை விற்பவர்கள், தங்கள் கூடங்களில் ஆட்களைச் சேர்ப்பதற்காக வெளியிடும் சலுகைகளைப் பற்றியே இன்று சில கருத்துக்களைக் கூற விரும்புகிறேன்.

மாணவ நண்பர்களே, இந்தப் பொருள் உங்களுக்கு இரண்டு வகையில் உரியது. உங்களுள் பலர் இத்தகைய கூடங்களில் சேர்ந்திருப்பீர்கள், அல்லது சேர எண்ணியிருப்பீர்கள். வணிகவியல் பயிலும் சிலரோ, நாளை இத்தகைய விளம்பரங்களை எழுதுகின்ற பதவியில் அமரக்கூடும். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் பொதுவான ஓர் உண்மை இதில் அடங்கியிருக்கிறது. அதனை எடுத்துக்காட்டுவதே என் நோக்கம்.

உடல் வலிமையைச் சரக்காக்கி, விளம்பரத்தின் துணையால் உலகெங்கும் விற்ற முன்னோடிகளுள் தலையாயவர் யூஜன் சாண்டோ. இவர் 1867இல் பிரஷியா நாட்டில் பிறந்தவர். மேடைகளில் பளு தூக்கிப் புகழ் பெற்ற இவர், 1897இல் லண்டன் நகரில் ஓர் உடற்பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் ஒரு பத்திரிகையையும் தொடங்கினார். அந்தப் பத்திரிகையின் வாயிலாக ஒரு பெரும் போட்டியை அறிவித்தார். உடலைச் செம்மையாக வளர்த்தவர்க்குப் பரிசு உண்டு. ஆனால் போட்டியிடுவோர் சாண்டோவின் முறைப்படி பயின்றவராக இருத்தல் வேண்டும் என்பது விதி. இந்த விதியின் நுட்பத்தைக் கவனியுங்கள். பரிசு பெறப்போகிறவர்கள் சிலர். பரிசை விரும்பிப் பயிற்சி முறையில் சேர்கிறவர்களோ பல்லாயிரவர். இறுதிப் போட்டி 1901ஆம் ஆண்டு லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் நடைபெற்றது. துப்பறியும் கதைகளால் புகழ்பெற்ற ஆர்தர் கோனன் டாயில் நடுவர்களுள் ஒருவராக இருந்தார். சாண்டோ நம் இந்திய நாட்டிற்கும் வந்து சென்றிருக்கிறார். அவர் பெயர் தமிழிலும் தங்கிவிட்டது. கையில்லாத உள்ளாடையைச் சாண்டோ பனியன் என்று இன்றும் வழங்குகிறோம். திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவர், தம் உடற்கட்டின் காரணமாகச் 'சாண்டோ' என்ற அடைமொழியைப் பெற்றிருந்தார்.

சாண்டோ மக்களின் ஆசையைத் தூண்டினார் என்றால், அவருக்குப் பின் அமெரிக்காவில் தோன்றிய சார்லஸ் அட்லஸ் மக்களின் நாணத்தைத் தூண்டினார். ஆஞ்செலோ சிசிலியானோ என்பது அவருடைய இயற்பெயர். 1892இல் இத்தாலியில் பிறந்து, சிறுவனாக நியூயார்க் சேர்ந்தவர். 1920களின் இறுதியில் சார்லஸ் ரோமன் என்ற விளம்பரக் கலைஞரோடு கூட்டுச் சேர்ந்து, அஞ்சல் வழியே உடற்பயிற்சிப் பாடங்களை விற்றார். அவர்களுடைய விளம்பரம் ஒரு சிறு படக்கதை. கடற்கரையில் மெலிந்த இளைஞன் ஒருவன் தன் தோழியோடு அமர்ந்திருக்கிறான். முரடன் ஒருவன் வந்து அவன் மீது மணலை வாரி இறைக்கிறான். அவமானமுற்ற இளைஞன் வீடு திரும்பி, அட்லஸின் பாடங்களை வரவழைத்துப் பயில்கிறான். பின்பு அதே கடற்கரைக்குச் சென்று அந்த முரடனை ஒரே குத்தில் வீழ்த்துகிறான். பல பத்தாண்டுகள் சிறுவர் இதழ்களில் இடம்பெற்ற இந்தப் படக்கதை கணக்கற்ற இளைஞர்களைச் சந்தாதாரர் ஆக்கிற்று. பாடத்தை வரவழைத்ததற்கும் முரடனை வீழ்த்தியதற்கும் இடையில் எத்தனை மாத உழைப்பு வேண்டும் என்பதைப் பற்றி அக்கதை ஒன்றும் பேசாது. அந்த உழைப்பு முழுவதும் ஒரே ஒரு கட்டத்திற்குள் அடங்கிவிட்டது!

நமக்கு அண்மையில், பெங்களூரில் கே. வி. ஐயர் என்பவர் ஹெர்க்குலிஸ் உடற்பயிற்சிக் கூடத்தை நடத்தினார். இவர் கன்னடத்தில் நாவல்களும் எழுதிய இலக்கியவாணர். தம் உடலின் புகைப்படங்களையே சான்றாகக் காட்டி, அஞ்சல் வழிப் பாடங்களால் தொலைவில் உள்ளோர்க்கும் பயிற்சி அளித்தார். நம் ஊர்களிலிருந்த சிலம்பக் கூடங்களுக்கும் தாலீம் கூடங்களுக்கும் இத்தகைய விளம்பரம் தேவைப்படவில்லை. ஆசானின் பெயரே அங்கு விளம்பரம்; கர்லாக் கட்டையும் தண்டாலும் பஸ்கியுமே பாடத்திட்டம். ஒரு சீடன் இரண்டு நாள் வராவிட்டால் ஆசான் ஆள் அனுப்பி விசாரிப்பார். இந்தச் சிறு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

இக்காலத்து உடற்பயிற்சிக் கூடங்கள் ஏன் இவ்வளவு தாராளமாகச் சலுகை வழங்குகின்றன? அதன் காரணம் கூடத்தின் வரவு செலவுக் கணக்கில் இருக்கிறது. கட்டட வாடகை, இயந்திரங்களின் விலை, பயிற்சியாளரின் ஊதியம், மின்கட்டணம் ஆகியவற்றுள் பெரும்பகுதி, நூறு பேர் வந்தாலும் இருநூறு பேர் வந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவினது. ஆகவே, கூடுதலாகச் சேரும் ஒருவர் தருகின்ற பணத்தின் பெரும்பகுதி ஆதாயமாகவே நின்றுவிடுகிறது. அவருக்காகக் கட்டணத்தில் பாதியைக் குறைத்தாலும் கூடத்திற்கு நஷ்டமில்லை. மேலும், சேர்ந்தவர்கள் அனைவரும் ஒரே நாளில் வந்துவிட்டால் நிற்கவும் இடமிராது. வராதவர்கள் செலுத்திய பணமும் சேர்ந்துதான் வருபவர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கிறது. இதனை வஞ்சகம் என்று கூறுதல் பொருந்தாது. இந்தத் தொழிலின் அமைப்பே அத்தகையது. ஆயினும், ஆளைச் சேர்ப்பதிலுள்ள ஊக்கம் அவரை வரவழைப்பதில் சிலருக்கு ஏன் இருப்பதில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

என் மாணவர்கள் அவ்வப்போது கொண்டுவந்து காட்டும் துண்டு விளம்பரங்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் சில வாசகங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, அடித்துக் காட்டிய விலை. இருபதாயிரம் ரூபாய் என்று பெரிதாக அச்சிட்டு, அதன் மேல் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் பன்னிரண்டாயிரம் என்று போட்டிருப்பார்கள். படிப்பவரின் மனம் எட்டாயிரம் ரூபாய் மிச்சம் என்று கணக்கிடுகிறது. இருபதாயிரம் ரூபாயை உண்மையில் எவரேனும் செலுத்தியது உண்டா என்று கேட்பதில்லை. முதலில் கண்ட எண்ணை அளவுகோலாகக் கொண்டு அடுத்த எண்ணை மதிப்பது மனித இயல்பு. அந்த இயல்பின் மீது இந்த வாசகம் நிற்கிறது.

இரண்டாவது, இன்று மட்டும் என்ற அறிவிப்பு. நாளைக்கு என்று ஒத்திவைப்பவனை இன்றே முடிவு செய்ய வைப்பது இதன் வேலை. உண்மையாகவே இன்றோடு முடிகின்ற சலுகையாயின் அதில் பிழையில்லை. ஆனால், இன்று மட்டும் என்ற பலகை மாதம் முழுவதும் தொங்குமாயின், அது பொய் என்பதைத் தவிர வேறு பெயர் அதற்கு இல்லை.

மூன்றாவது, முன்னும் பின்னுமாக இரு புகைப்படங்கள். பருத்த வயிற்றோடு ஒரு படம். ஒடுங்கிய வயிற்றோடு ஒரு படம். இரண்டிற்கும் இடையே கழிந்த காலம் எவ்வளவு, உணவில் செய்த மாற்றம் என்ன, ஒளியும் நிற்கும் நிலையும் மாறினவா என்பவற்றைப் படம் கூறாது. அட்லஸின் படக்கதையில் உழைப்பு மறைந்த இடத்தில்தான் இங்கும் அது மறைகிறது.

நேர்மையான சலுகைகளும் இருக்கின்றன. பகல் பதினொரு மணி முதல் நான்கு மணி வரை வருவோர்க்குக் குறைந்த கட்டணம் என்பது அவற்றுள் ஒன்று. அந்த நேரத்தில் கூடம் வெறிச்சோடிக் கிடக்கும். வெறுமனே கிடக்கும் இடத்தைக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். ஓய்வு நேரம் உடைய மாணவருக்கு இது பயனுள்ளது. நண்பரோடு சேர்ந்தால் இருவருக்கும் சலுகை என்பதும் ஒரு வகையில் நல்லதே. விடியற்காலையில் போர்வையை விலக்கி எழுவதற்கு, வாசலில் வந்து நிற்கும் நண்பனைவிடச் சிறந்த துணை ஏது?

இச்சலுகைகள் வெளிவரும் நாட்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. புத்தாண்டுப் பிறப்பை ஒட்டி அவை பெருகுவதைப் பார்த்திருப்பீர்கள். ஹெங்சென் டை, கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் என்ற அறிஞர்கள் 2014இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இதனை விளக்குகிறது. வாரத்தின் முதல் நாள், மாதத்தின் முதல் நாள், ஆண்டின் தொடக்கம், கல்லூரிப் பருவத்தின் தொடக்கம், பிறந்தநாளுக்கு அடுத்த நாட்கள் ஆகியவற்றில் அமெரிக்க மாணவர்கள் உடற்பயிற்சிக் கூடத்திற்கு அதிகமாகச் செல்லுகிறார்கள் என்று அவர்கள் கண்டனர். இதற்கு விலக்கு இருபத்தோராம் பிறந்தநாள் மட்டுமே. மது அருந்துவதற்குச் சட்டம் இசைவளிக்கும் வயது அந்நாட்டில் அதுதான் என்பதை எண்ணினால், காரணத்தை ஊகிப்பது கடினமன்று. பழைய கணக்கை மூடிப் புதுக்கணக்குத் தொடங்கும் நாளில், கடந்த காலச் சோம்பலெல்லாம் வேறொருவனுடையது என்றும், இனி வரப்போகும் உறுதி தன்னுடையது என்றும் மனிதன் எண்ணிக்கொள்கிறான். கைதேர்ந்த விற்பனையாளர் அந்த நாளில் வந்து கதவைத் தட்டுகிறார்.

அவ்வாறு சேர்ந்தவர்கள் பின்னர் என்ன ஆகிறார்கள்? ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற இரு பொருளியல் அறிஞர்கள், அமெரிக்காவிலுள்ள மூன்று உடற்பயிற்சி நிலையங்களில் 7,752 உறுப்பினர்களின் வருகைப் பதிவேடுகளை ஆராய்ந்து, 2006இல் தங்கள் முடிவை வெளியிட்டனர். அந்நிலையங்களில் மாதம் 70 டாலருக்கு மேல் கட்டி உறுப்பினராகலாம். அல்லது பத்து முறை வருவதற்குரிய சீட்டை வாங்கி, ஒரு முறைக்குப் பத்து டாலர் வீதம் செலுத்தலாம். மாதச் சந்தா கட்டியவர்கள் மாதத்திற்குச் சராசரியாக 4.3 முறையே வந்தார்கள். எனவே ஒவ்வொரு வருகைக்கும் அவர்கள் கொடுத்த விலை 17 டாலருக்கு மேலாயிற்று. மாதச் சந்தாதாரருள் நூற்றுக்கு எண்பது பேர், வரும்போதெல்லாம் பணம் கட்டியிருந்தால் குறைவாகவே செலவழித்திருப்பார்கள். உறுப்பினர் சிலரிடம் நீங்கள் மாதத்திற்கு எத்தனை முறை வருவீர்கள் என்று கேட்டபோது, ஒன்பது முறைக்கு மேல் என்ற விடை கிடைத்தது. இன்னும் ஒரு விந்தை உண்டு. கடைசியாக வந்த நாளுக்கும் உறுப்பினர் பதவியை விலக்கிக்கொண்ட நாளுக்கும் இடையில் சராசரியாக இரண்டு மாதங்களுக்கு மேல் கடந்திருந்தன. அத்தனை நாளும், வராத கூடத்திற்குப் பணம் சென்றுகொண்டே இருந்தது.

இவர்களை ஒருவரும் ஏமாற்றவில்லை. தங்கள் எதிர்கால உறுதியைப் பற்றித் தாங்களே அளவுக்கு மிஞ்சி மதிப்பிட்டுக்கொண்டார்கள். உடற்பயிற்சிச் சலுகை என்ற பெயரால் விற்கப்படுவது பெரும்பாலும் இந்த மதிப்பீடுதான். விளம்பரத்தைக் காணும்போது, ஓராண்டிற்குப் பிறகு கண்ணாடியில் தெரியப்போகின்ற உருவத்தை நாம் விலைக்கு வாங்குகிறோம்; இடையிலுள்ள முந்நூறு விடியற்காலைகளை எண்ணிப் பார்ப்பதில்லை.

அங்ஙனமாயின், சலுகைகளால் பயனே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, ஆனால் சலுகை எதற்குக் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது அது. கேரி சார்னஸ், உரி நீசி என்ற இரு அறிஞர்கள் 2009இல் வெளியிட்ட ஆராய்ச்சியைக் கேளுங்கள். அவர்கள் கல்லூரி மாணவர் சிலருக்குக் கூடத்திற்கு ஒரு முறை வந்தாலே பரிசளித்தார்கள். வேறு சிலருக்கு, அதனோடு நான்கு வாரங்களில் எட்டு முறை வந்தால் நூறு டாலர் அளித்தார்கள். பரிசு நின்ற பிறகு யார் தொடர்ந்து வருகிறார்கள் என்று பார்த்தபோது, எட்டு முறை வந்தவர்களே அதிகமாக வந்தார்கள். அதிலும் முன்பு கூடத்தின் பக்கமே வாராதிருந்தவர்களிடத்தில்தான் மாற்றம் மிகுதியாகத் தெரிந்தது. சேர்ந்ததற்குப் பரிசு பெற்றவன் சேர்வதோடு நின்றுவிடுகிறான். வந்ததற்குப் பரிசு பெற்றவனுக்கு வருவது பழக்கமாகிறது. ஆயினும் அப்பழக்கம் இளஞ்செடி போன்றது. டான் ஆக்லண்ட், மாத்யூ லெவி என்பார் 2015இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இவ்வாறு உண்டாகிய பழக்கத்தின் பெரும்பகுதி ஒரு குளிர்கால விடுமுறைக்குப் பின் மறைந்துபோனதைக் கண்டார்கள்.

தவறவிட்டவனை மீண்டும் வரச் செய்வது எப்படி? 2021இல் வெளியான மிகப்பெரிய ஆராய்ச்சி ஒன்று இதற்கு விடை தேடியது. அமெரிக்காவில் ஒரு பெரிய உடற்பயிற்சி நிறுவனத்தின் உறுப்பினர் 61,293 பேரிடம், ஐம்பத்து நான்கு வகையான நான்கு வாரத் திட்டங்களைச் சோதித்துப் பார்த்தார்கள். அவற்றுள் ஏறத்தாழப் பாதித் திட்டங்கள் வருகையை ஓரளவு உயர்த்தின. முதலிடம் பெற்றது எது தெரியுமா? திட்டமிட்ட ஒரு நாளைத் தவறவிட்டவர் மறுபடி வந்தால், அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பரிசுப் புள்ளி தருவது. அந்தக் கூடுதலின் மதிப்பு ஒன்பது சென்ட். நம் கணக்கில் சில ரூபாய் மட்டுமே. பணத்தின் அளவு இங்குப் பெரிதாக வேலை செய்திருக்க முடியாது. ஒரு நாள் தவறினால் எல்லாம் போயிற்று என்று சோர்ந்து நிற்பவனிடம், 'போகட்டும், நாளை வா' என்று கூறும் ஒரு குரலாகவே அது உதவியிருக்க வேண்டும். இரண்டு நாள் வராத சீடனை விசாரிக்க ஆள் அனுப்பினாரே சிலம்ப ஆசான், அவர் கையாண்ட முறையும் இதுவேயன்றோ? ஆனால் இந்த ஆராய்ச்சியிலும், நான்கு வாரம் முடிந்த பின் பெரும்பாலான திட்டங்களின் பயன் நீடிக்கவில்லை. எனவே, அந்தக் குரல் ஒரு மாதத்தோடு ஓய்ந்துவிடலாகாது.

நாளை விளம்பரம் எழுதப்போகின்ற மாணவர்களுக்கு இதிலிருந்து ஒரு வழி புலப்படும். ஆண்டுச் சந்தாவில் பாதியைத் தள்ளிக் கொடுப்பதற்குப் பதிலாக, முதல் மாதம் பன்னிரண்டு முறை வந்தவர்க்கு அடுத்த மாதக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் குறையுங்கள். ஒரு வாரம் வராதவர்க்குப் பயிற்சியாளரே தொலைபேசியில் பேசட்டும். விலகும் வழியைச் சேரும் வழியைப் போலவே எளிதாக்குங்கள். வராதவர் பணத்தால் வாழும் கூடம் ஆண்டுதோறும் புது ஆட்களைத் தேடி அலைய வேண்டும். வருகின்றவர்களால் வாழும் கூடத்திற்கோ, மாறிய அவர்கள் உடலே தெருத்தெருவாக விளம்பரம் செய்யும்.

சேர விரும்புகின்றவர்களுக்கும் சில சொற்கள். பணம் கட்டுமுன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணம் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டில் நூற்றிருபது நாள் சென்றால், ஒரு நாளைக்கு நூறு ரூபாய் ஆகிறது. இருபத்து நான்கு நாளோடு நிறுத்திவிட்டால், ஒரு நாளைக்கு ஐந்நூறு ரூபாய். சலுகையின் உண்மையான அளவை நிர்ணயிப்பது உங்கள் கால்களே. ஆகையால் முதலில் ஒரு மாதத்திற்கு மட்டும் கட்டுங்கள். அந்த மாதத்தின் வருகையைக் குறித்து வையுங்கள். அந்த எண்ணைப் பார்த்த பிறகு ஆண்டுச் சந்தாவைப் பற்றி எண்ணுங்கள். இடையில் விலகினால் பணம் திரும்புமா, நோய்வாய்ப்பட்டால் நாட்களை நீட்டித் தருவார்களா என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் நிற்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரங்களுக்குத் தண்டம் விதிக்கிறது. 2022இல் வெளியான விதிமுறைகள், பணம் பெற்றுக்கொண்டு இலவசம் என்று கூறுவதைத் தடுக்கின்றன. 2023இல் வெளியானவை, பொய்யாக அவசரத்தை உண்டாக்குவதையும், சந்தாவிலிருந்து விலக முடியாதபடி சிக்கவைப்பதையும் இணைய வாணிகத்தில் தடை செய்கின்றன. குறையிருப்பின் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

இறுதியாக ஒன்று. ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர்க்கு நாள்தோறும் சராசரி ஒரு மணி நேரமும், அதற்கு மேற்பட்டோர்க்கு வாரத்திற்கு நூற்றைம்பது நிமிடத்திற்குக் குறையாமலும் உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. அந்த உழைப்பைக் கூடத்திலும் செய்யலாம். கல்லூரி மைதானத்திலும், கடற்கரையிலும், வீட்டு மொட்டைமாடியிலும் செய்யலாம். கூடத்தில் சேர்வது நல்லதே. ஆனால் சேர்ந்த அன்று நாம் பெறுவது ஒரு ரசீது மட்டுமே. அந்த ரசீதை உடல்நலமாக மாற்றித் தருகின்ற கடை எந்த ஊரிலும் இல்லை; அந்த வேலை நம்முடையது.